ஐஸும் கலப்புப் பனியும் உள்ள மலைக்கு ஆல்-மவுண்டன் ஸ்கீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிச்சறுக்குக்குக் காலில் மாட்டும் நீளப் பலகையான ஸ்கீயை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காலையில் இறுகிய பனி, மதியம் சொதசொத பனி, நடுநடுவே ஐஸ் என எல்லாம் ஒரே நாளில் வரும் மலையில் சறுக்குகிறவர்களுக்காக அந்தப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். புதிதாக விழுந்த லேசான பவுடர் பனிக்காக மட்டுமே மலையேறுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆல்-மவுண்டன் ஸ்கீன்னா என்ன? எல்லாத்துக்கும் ஆகும்னு சொல்றாங்களே, நிஜமா?

செப்பனிட்ட பாதை, மேடுபள்ளமான சரிவு, மரங்களுக்கு நடுவே, ஓரளவு புதுப்பனி என எல்லா இடத்தையும் ஒரே ஜோடியில் சமாளிப்பதற்காகச் செய்த ஸ்கீ இது. எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக்கு ஆகாது. ஒவ்வொரு மாடலும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சில கெட்டிப் பனிப் பக்கம், சில புதுப்பனிப் பக்கம்.

எந்தப் பக்கம் சாய்ந்ததை எடுப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் மலையில் அடிக்கடி வரும் மோசமான பனிக்கு எது தாங்குமோ அதை எடுங்கள். வருடத்தில் சில நாள் மட்டும் கிடைக்கும் அருமையான பனியை மனதில் வைத்து வாங்கினால், மற்ற எல்லா நாளும் அந்த ஸ்கீயோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

"கலப்புப் பனி" என்று எதைச் சொல்கிறீர்கள்? பனி பனிதானே?

இல்லை. புதிதாக விழுந்த பவுடர் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். காற்று அடித்து இறுக்கிய பனி 300, 400 கிலோவைத் தொடும். சுத்தமான ஐஸ் 917 கிலோ. இந்த முழு வரம்பையும் ஒரே சரிவில், சில நிமிட இடைவெளியில் பார்க்கலாம்.

பகலில் வெயிலிலோ மழையிலோ நனைந்த பனி இரவில் உறைந்து, காலையில் பாறை மாதிரி நிற்கும். அதன்மேல் செப்பனிடும் வண்டி ஓடியிருந்தால் வரிவரியாக இருக்கும், ஸ்கீயின் ஓரத்தில் உள்ள எஃகு விளிம்பு பதியும். மக்கள் இறங்க இறங்க அந்த மேல்படலம் சுரண்டப்பட்டு ஓரங்களில் குவியும். நடுவில் வழவழப்பான ஐஸ் தெரியும். மதியத்துக்கு மேல் அந்தக் குவியல்கள் ஈரமாகிக் கனத்துவிடும். செயற்கைப் பனி என்றால் இன்னும் கெட்டி. அதன் துகள்கள் சிறிய உருண்டைகளாக இருப்பதால் நெருக்கமாக அடைந்துகொள்கின்றன. இப்படி எல்லாம் மாறி மாறி வருவதைத்தான் கலப்புப் பனி என்கிறேன்.

இடுப்பு அகலம் எவ்வளவு எடுக்கலாம்? நண்பர் 100-க்குக் குறைஞ்சு எடுக்காதேங்கிறார்.

ஸ்கீயின் நடுவில், காலில் போடும் ஸ்கீ பூட்டுக்கு நேர் கீழே உள்ள அகலம்தான் இடுப்பு அகலம். 128-88-110 என்று மூன்று எண் போட்டிருந்தால் முனை, இடுப்பு, வால் என்று படிக்க வேண்டும். ஐஸும் கெட்டிப் பனியும் அதிகம் உள்ள மலைக்கு 80 முதல் 90 மி.மீ. வரை எடுங்கள். செப்பனிட்ட பாதையை விட்டு அதிகம் விலகாதவர் 80-ஐ ஒட்டியும், ஓரங்களிலும் மரங்களுக்கு இடையிலும் போகிறவர் 90-ஐ ஒட்டியும் எடுத்தால் சரியாக இருக்கும்.

உங்கள் நண்பர் எங்கே சறுக்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பானின் ஹொக்கைடோ போல லேசான புதுப்பனி தொடர்ந்து கொட்டும் இடம் என்றால் அவர் சொல்வது நியாயமே. அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் மழை பெய்து மறுநாளே உறையும். அங்கே அதே ஸ்கீயோடு அவர் திணறுவார். அகலத்தைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் மலைதான்.

விளிம்பு ஒண்ணுதானே? அகலம் கூடினா ஐஸில் ஏன் பிடிக்க மாட்டேங்குது?

விளிம்பு ஒன்றுதான், ஆனால் அது உங்கள் காலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மாறுகிறது. ஸ்கீயைச் சாய்க்கும்போது முழு எடையும் ஒரு பக்க விளிம்பில் நிற்கிறது. பூட்டின் நடுக்கோட்டிலிருந்து அந்த விளிம்பு வரை உள்ள தூரம் நெம்புகோலாக வேலை செய்து, சாய்த்த ஸ்கீயைத் திரும்பத் தட்டையாக்கப் பார்க்கிறது. 75 மி.மீ. ஸ்கீயில் அந்தத் தூரம் 37.5 மி.மீ. 105 மி.மீ. ஸ்கீயில் 52.5 மி.மீ. அதாவது 40 சதவீதம் கூடுதல்.

மென்மையான பனியில் ஸ்கீ உள்ளே அமிழ்ந்துவிடும். அடிப்பாகம் முழுவதும் எடையைத் தாங்குவதால் இது பெரிதாகத் தெரியாது. ஐஸில் தாங்குவது விளிம்பு மட்டும்தான். கணுக்காலும் முழங்காலும் அந்த நெம்புகோலோடு நாள் முழுக்க இழுபறி செய்ய வேண்டும். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் சர்வதேச ஜயண்ட் ஸ்லாலம் பந்தயங்களில் ஸ்கீயின் இடுப்பு 65 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது என்றே விதி உண்டு. அந்தப் பாதைகளும் தண்ணீர் ஏற்றி உறையவைத்த கெட்டிப் பனிதான். முழங்கால் ஏற்கெனவே தொந்தரவு தருகிறது என்றால் 85-ஐத் தாண்ட வேண்டாம்.

கேம்பர் நல்லதா, ராக்கர் நல்லதா?

கேம்பர் என்றால் ஸ்கீயைத் தரையில் வைக்கும்போது நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்து நிற்பது. நீங்கள் ஏறி நின்றதும் அது தட்டையாகி, அழுத்தத்தை முனைக்கும் வாலுக்கும் அனுப்பும். அதனால் விளிம்பு முழு நீளத்துக்கும் பனியைப் பற்றும். ராக்கர் இதற்கு எதிர்மாறு: முனையோ வாலோ முன்கூட்டியே தரையை விட்டு எழும்பிவிடும். கனத்த பனிக் குவியலில் முனை சொருகாமல் மேலேறிப் போக அது உதவும். ராக்கரைப் பெரிய அளவில் பேசவைத்தது 2002-ல் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கியின் யோசனையில் வோலன்ட் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பாட்டுலா ஸ்கீ. அது ஆழமான பவுடருக்காகவே பிறந்தது.

உங்களுக்கு வேண்டியது காலடியில் தெளிவான கேம்பர், முனையில் சிறிது ராக்கர், வாலில் மிகக் கொஞ்சம் அல்லது ஒன்றுமே இல்லாமை. கடையில் இதை நீங்களே பார்க்கலாம். இரண்டு ஸ்கீயையும் அடிப்பாகம் அடிப்பாகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர். கையால் நடுவை அழுத்தி அந்த இடைவெளியை மூடிவிட்டு, முனைப் பக்கம் இரண்டும் எந்த இடத்தில் பிரிய ஆரம்பிக்கின்றன என்று கவனியுங்கள். பிரியும் இடம் முனைக்கு அருகில் இருந்தால் நல்லது. பூட் பக்கமாக நெடுந்தூரம் இறங்கி வந்திருந்தால் அது புதுப்பனிக்குச் சாய்ந்த ஸ்கீ.

டைட்டனால் போட்டதுதான் வாங்கணுமா? டைட்டானியம் ரொம்ப உறுதியாச்சே.

டைட்டனால் டைட்டானியம் அல்ல. துத்தநாகம், மக்னீசியம், செம்பு கலந்த உறுதியான அலுமினியக் கலவை அது. மரத்தாலான உள்பாகத்துக்கு மேலும் கீழும் மெல்லிய தகடாக ஒட்டுவார்கள். இது இரண்டு வேலை செய்யும்: ஸ்கீ முறுக்கிக்கொள்வதைக் குறைக்கும், கெட்டிப் பனியில் எழும் அதிர்வை அடக்கும்.

முறுக்கம்தான் இங்கே முக்கியம். ஈரத் துணியைப் பிழிவதுபோல ஸ்கீயின் முனையைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுலபமாகத் திருகினால் ஐஸில் முனையும் வாலும் பிடியை விட்டுவிடும்; காலடியில் மட்டும்தான் விளிம்பு நிற்கும். தகடு இல்லாத ஸ்கீ எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பசால்ட் (எரிமலைப் பாறை) இழை, கண்ணாடி இழை ஆகியவற்றைக் கொண்டே முறுக்கத்தை நன்றாகக் கட்டுப்படுத்திய ஸ்கீகள் இருக்கின்றன. எடை குறைவானவர்களுக்கு அவை போதும். ஆனால் மிகவும் லேசான கார்பன் ஸ்கீயை ஐஸ் மலைக்கு எடுக்காதீர்கள். தூக்கிக்கொண்டு நடக்கச் சுகமாக இருக்கும், இறுகிய கட்டிகளில் தட்டுப்பட்டால் திசை மாறித் துள்ளும்.

விறைப்பான ஸ்கீதான் ஐஸில் பிடிக்கும்னாங்க. நான் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன். எடுக்கலாமா?

விறைப்பு இரண்டு வகை. முறுக்கத்துக்கான விறைப்பு எல்லோருக்கும் வேண்டும். நீளவாக்கில் வளைவதற்கான விறைப்பு உங்கள் எடைக்கும் வேகத்துக்கும் தக்கபடிதான் இருக்க வேண்டும். திருப்பத்தில் ஸ்கீ வளைந்தால்தான் விளிம்பு முழுதாகப் பதியும். நீங்கள் வளைக்க முடியாத ஸ்கீ ஐஸில் நேராகத்தான் ஓடும்.

கற்றுக்கொள்பவர் நடுத்தர வளைவுள்ள, முறுக்கம் குறைந்த, இடுப்பு 80-ஐ ஒட்டிய ஸ்கீயை எடுப்பது நல்லது. அடுத்த நிலைக்கு என்று முன்கூட்டியே விறைப்பானதை வாங்கி வைத்தால் கற்றுக்கொள்வதே தாமதமாகும்.

நீளம் எவ்வளவு?

மோவாய்க்கும் உச்சந்தலைக்கும் நடுவே. கற்றுக்கொள்பவர் மோவாய்ப் பக்கம், வேகமாகப் போகிறவரும் எடை கூடியவரும் உச்சந்தலைப் பக்கம். ராக்கர் அதிகம் உள்ள மாடலில் பனியைத் தொடும் விளிம்பு குறைவு என்பதால் ஒரு அளவு நீளமாக எடுக்கலாம். உயரத்தைவிட எடைதான் ஸ்கீயை வளைக்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவைச் சொன்னால் எடை சொல்வதைக் கேளுங்கள்.

டர்ன் ரேடியஸ் 14 மீட்டர், 18 மீட்டர்னு போட்டிருக்கே, அது எதுக்கு?

பக்கவாட்டு வளைவு எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லும் எண் அது. 1993-ல் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற ஆழ்ந்த இடுப்புள்ள ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண மக்களும் சாய்த்தாலே திரும்பும் ஸ்கீயைப் பார்த்தார்கள். சிறிய எண் குறுகிய திருப்பத்துக்கு, பெரிய எண் நீண்ட திருப்பத்துக்கு.

கலப்புப் பனிக்கு 15 முதல் 18 மீட்டர் வரை வசதி. 13-க்குக் கீழே போனால், கிளறிவிட்ட பனியில் முனை தானாகத் திரும்பப் பார்த்து எரிச்சலூட்டும்.

பெண்களுக்கான மாடல்தான் பெண்கள் வாங்கணுமா?

கட்டாயமில்லை. சில மாடல்கள் உண்மையிலேயே உள்பாகத்தை லேசாக்கி, குட்டையான நீளங்களில் செய்யப்பட்டவை. சில, ஆண்கள் மாடலுக்கு மிக நெருக்கமான கட்டமைப்பில் வேறு வண்ணத்தில் வருபவை. எடை, நீளம், தகடு உண்டா இல்லையா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நன்றாகச் சறுக்கும் பெண்ணிடம் மென்மையான மாடலைத் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஐஸில் அதன் விலையைக் கொடுப்பது அவர்தான்.

இவ்வளவு சொல்றதுக்கு ரெண்டு மாடல் பேராவது சொல்லுங்களேன்.

ஃபோல்கல் கெண்டோ 88, பிளிசார்ட் பிரம்மா 88 (2023-24 பருவம் வரை வந்தது) இரண்டும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டிலும் தகடு உண்டு. பிரம்மாவுக்கு இணையான பெண்கள் மாடல் பிளாக் பேர்ல் 88. நோர்டிகாவின் என்ஃபோர்சர் வரிசையில் குறுகிய மாடல்களைப் பார்க்கலாம். கற்றுக்கொள்பவருக்கு ரோசிக்னால் எக்ஸ்பீரியன்ஸ் 82 பசால்ட் போன்றது இதமாக இருக்கும்.

பெயரில் வரும் எண் பெரும்பாலும் இடுப்பு அகலம். ஒரே பெயரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளமைப்பை மாற்றுவார்கள், அதனால் எந்த ஆண்டு மாடலுக்கான கருத்து என்று பார்த்துப் படியுங்கள்.

புது ஸ்கீதான், நல்ல மாடல்தான். ஆனாலும் ஐஸில் வழுக்குதே! ஏமாந்துட்டேனா?

பெரும்பாலும் ஸ்கீ மீது குற்றமில்லை, விளிம்பு மீதுதான். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கூரான விளிம்புள்ள சுமாரான ஸ்கீ, மழுங்கிய விளிம்புள்ள உயர்ந்த ஸ்கீயை ஐஸில் தோற்கடிக்கும். ஸ்கீக்கு எஃகு விளிம்பு வந்ததே இதற்காகத்தான். ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் 1926-ல் அதற்குக் காப்புரிமை பெற்றதற்கு முன்பு, கெட்டிப் பனியில் மரம் மட்டும் என்ன பிடித்துவிடும்?

சோதிப்பது சுலபம். கட்டைவிரல் நகத்தின் மேல்பக்கத்தை விளிம்புக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். விளிம்பின் நீளவாக்கில் இழுக்கக் கூடாது, கை அறுபடும். கூராக இருந்தால் நகத்திலிருந்து வெள்ளையாக மெல்லிய தூள் சுரண்டி வரும். ஒன்றும் வராமல் நகம் வழுக்கிப் போனால் விளிம்பு மழுங்கியிருக்கிறது. முனை, காலடி, வால் என மூன்று இடத்திலும், இரண்டு பக்கமும் பாருங்கள். காலடியில்தான் முதலில் மழுங்கும். புது ஸ்கீயிலும் இதைச் செய்யுங்கள். பெட்டியிலிருந்து வந்த விளிம்பு எப்போதும் கூராக இருக்கும் என்று நம்ப முடியாது.

கல்லில் உரசியிருந்தால் விளிம்பில் பிசிறு நிற்கும். அந்த இடம் கடினமாகியும் இருக்கும். அதன்மேல் நேராக அரம் போட்டால் அரம்தான் கெடும். முதலில் டைமண்ட் கல்லால் பிசிறை எடுத்துவிட்டு, பிறகு கோண வழிகாட்டியில் வைத்து அரத்தால் தீட்ட வேண்டும். ஐஸ் அதிகமான வாரத்தில் தினமும் மாலை டைமண்ட் கல்லை ஓட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஈரத்தோடு உறையில் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், ஒரே இரவில் துரு ஏறும்.

88 டிகிரி தீட்டச் சொல்லட்டுமா, 87-ஆ?

விளிம்பின் பக்கவாட்டுக் கோணம் 88 என்றால் செங்கோணத்திலிருந்து 2 டிகிரி சாய்த்துத் தீட்டுவது, 87 என்றால் 3 டிகிரி. கூடுதலாகச் சாய்க்கச் சாய்க்கக் கடி அதிகம், சீக்கிரம் மழுங்கவும் செய்யும். ஆல்-மவுண்டன் ஸ்கீக்கு 88 நல்ல தொடக்கம். ஐஸ் மிகுந்த மலையில் 87-க்குப் போகலாம். 86-ஐப் பந்தயக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அடிப்பக்கக் கோணம் தனி. அது பெரும்பாலும் 1 டிகிரி, ஐஸுக்கு 0.7 வரை குறைக்கலாம். எவ்வளவு சாய்த்ததும் விளிம்பு பனியைத் தொடும் என்பதை அது தீர்மானிக்கிறது. இந்தக் கோணத்தை ஒருமுறை கூட்டிவிட்டால், அடிப்பாகம் முழுவதையும் இயந்திரக் கல்லில் சாணை பிடிக்காமல் திரும்பக் குறைக்க முடியாது. அதனால் வீட்டில் தீட்டுகிறவர்கள் பக்கவாட்டை மட்டும் தொடுங்கள்.

பூட் பழசுதான், பரவாயில்லைன்னு ஸ்கீக்கு மட்டும் செலவு பண்றேன். சரியா?

தவறு. கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பூட்டுக்குப் போடுங்கள். பூட்டுக்குள் குதிகால் எழும்பினாலோ கணுக்கால் பக்கவாட்டில் ஆடினாலோ, நீங்கள் சாய்ப்பது ஸ்கீக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே தொலைந்துவிடும். மேலே சொன்ன நெம்புகோலை நினைத்துப் பாருங்கள்: அந்த விசை முழுவதும் பூட் வழியாகத்தான் போகிறது. சாதாரண ஷூவின் எண்ணைச் சொல்லி வாங்காமல், பாதத்தை சென்டிமீட்டரில் அளந்து, அகலமும் பார்த்துப் பொருத்தித் தருபவரிடம் வாங்குங்கள்.

பைண்டிங் எதுவானாலும் ஒண்ணுதானே?

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் கருவிதான் பைண்டிங். அதில் மூன்று விஷயம் பொருந்த வேண்டும். பூட்டின் அடிப்பாக வகை: வழக்கமான ஸ்கீ பூட்டான ஐ.எஸ்.ஓ. 5355 வகைக்குச் செய்த பைண்டிங் எல்லாவற்றிலும், நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடிப்பாகம் பொருந்தாது, பைண்டிங்கில் அதற்கான குறி இருக்க வேண்டும். பூட் கழன்றதும் ஸ்கீயை ஓடாமல் நிறுத்தும் பிரேக்கின் அகலம்: இடுப்பைவிடச் சற்றே கூடுதலாக, 15 மி.மீ.-க்குள். மிக அகலமான பிரேக் ஸ்கீயைச் சாய்க்கும்போது ஐஸில் இடிக்கும். மூன்றாவது, எவ்வளவு விசையில் பூட் கழல வேண்டும் என்பதைக் குறிக்கும் டின் எண். எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்துப் பயிற்சி பெற்றவர்தான் அதை வைக்க வேண்டும். ஐஸில் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நீங்களே திருகி ஏற்றாதீர்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாவிட்டால் போவது முழங்கால்.

பழைய ஸ்கீ ஒண்ணு நல்ல விலைக்கு வருது. எதைப் பார்க்கணும்?

முதலில் விளிம்பில் எவ்வளவு எஃகு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பலமுறை தீட்டித் தேய்ந்து மெலிந்திருந்தால் வேண்டாம். விளிம்பு எங்காவது விரிசல் விட்டு எழும்பியிருக்கிறதா, முனையிலும் வாலிலும் அடுக்குகள் பிரிகின்றனவா, அடிப்பாகத்தில் உள்ளே மரம் தெரியும் அளவுக்குக் காயம் உண்டா என்று தடவிப் பாருங்கள். பிறகு கேம்பர் பதிலில் சொன்னபடி இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளியே இல்லாமல் தட்டையாகிப் போயிருந்தால், அல்லது இரண்டும் வெவ்வேறு மாதிரி வளைந்திருந்தால் ஐஸுக்கு அது ஆகாது. பைண்டிங் மிகப் பழசானால் டெக்னீஷியன்கள் அதைச் சரிபார்த்துத் தரவே மறுப்பார்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாடகைக்கு எடுத்து நாலு ஸ்கீ ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

எல்லாமே மழுங்கியிருந்திருக்கும், அல்லது ஒவ்வொன்றின் விளிம்பும் வெவ்வேறு நிலையில் இருந்திருக்கும். நீங்கள் ஒப்பிட்டது ஸ்கீயை அல்ல, தீட்டலை. எடுப்பதற்கு முன் நகச் சோதனை செய்யுங்கள். மழுங்கியிருந்தால் தீட்டித் தரச் சொல்லுங்கள்.

நல்ல பனி இருக்கும்போது சோதித்தால் எல்லா ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும். காலையில் மேல்படலம் இறுகியிருக்கும்போதே, ஒரே சரிவில், ஒரே வேகத்தில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சாய்வான இடத்தில் குறுக்காக நின்று, முழங்காலை மெல்லத் தளர்த்திப் பக்கவாட்டில் வழுக்கிவிட்டு, உடனே விளிம்பைப் பதியுங்கள். எது சட்டென்று நிற்கிறது, எது இன்னும் கொஞ்சம் வழுக்கி நிற்கிறது என்பது காலிலேயே தெரிந்துவிடும். பிறகு அதே ஸ்கீயைக் கிளறிவிட்ட பனிக்குள் கொண்டுபோங்கள்.

திடீர்னு ஒருநாள் 40 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தா 85-ஐ வச்சு என்ன பண்றது?

சறுக்கலாம். கொஞ்சம் மூழ்கும், அவ்வளவுதான். அகலமான ஸ்கீ வருவதற்கு முன்பு பல தலைமுறைகள் குறுகிய ஸ்கீயிலேயே ஆழமான பனியில் இறங்கியிருக்கின்றன. இரு காலிலும் எடையைச் சமமாக வைத்து, திருப்பத்தை அவசரப்படுத்தாமல், சற்று வேகத்தோடு போங்கள். முனையில் உள்ள சிறிய ராக்கர் மேலே தூக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு மட்டும் அகலமானதை வாடகைக்கு எடுப்பது இன்னும் நல்லது. 105 மி.மீ. ஸ்கீயை ஐஸில் ஓட்டும் சிரமத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ரெண்டு ஜோடி வச்சுக்கிட்டா பிரச்சினையே இல்லையே?

வசதியிருந்தால் தாராளமாக. அப்போது 88, 96 என்று பக்கத்துப் பக்கத்தில் வாங்காமல் 78, 100 என்று தள்ளித் தள்ளி எடுங்கள். ஆனால் இரண்டாவது ஜோடிக்கு முன் நல்ல பூட்டும், ஒரு கோண வழிகாட்டியும், அரமும், டைமண்ட் கல்லும் உங்களிடம் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியா வாங்கி, சரியா தீட்டிட்டேன். இனி ஐஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்தானே?

கெட்டிப் பனியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீலமாகவோ சாம்பலாகவோ, அடியில் இருப்பது தெரியுமளவுக்கு வழவழப்பான ஐஸ் வேறு விஷயம். மழை பெய்து உறைந்த அந்தப் பரப்பில் எந்த ஆல்-மவுண்டன் ஸ்கீயும் வழுக்கும். அங்கே விளிம்பை வெட்டிப் பதிக்க முயலாதீர்கள். அப்படி முயலும்போதுதான் கால் வாரிவிடும். எடையை வெளிக்கால் (சரிவின் கீழ்ப்பக்கக் கால்) மேல் வைத்து, உடலைத் தளரவிட்டு, அந்தத் துண்டை நேராகக் கடந்து, மறுபக்கம் பிடிப்புள்ள பனி வந்ததும் திரும்புங்கள்.

சரிவு முழுவதுமே அப்படி இருந்தால் அன்று காலை அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். வெயில் படும் பக்கத்துச் சரிவு சீக்கிரம் இளகும், அங்கே ஆரம்பிக்கலாம். பாதையின் ஓரங்களில் சுரண்டிக் குவிந்த பனி இருக்கும், இறங்கும்போது அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள். ஹெல்மெட்டை மட்டும் எந்தப் பனியிலும் கழற்றாதீர்கள்.